தூதரக வாசலில் இரண்டு புரட்சிகள்

1918 ஜூலை 6 அன்று பிற்பகல் மாஸ்கோவில் இருந்த ஜெர்மன் தூதரகத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். கையில் செக்கா எனப்பட்ட ரகசியப் போலீசின் கடிதம். அடியில் அதன் தலைவர் ஜெர்ஜின்ஸ்கியின் கையெழுத்து. கையெழுத்து போலி. தூதர் கவுன்ட் மிர்பாக்கை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று சாதித்தார்கள். அவர் எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசவும் செய்தார்கள். பிறகு யாகோவ் புளூம்கின் என்ற இளைஞன் துப்பாக்கியை எடுத்தான். வெடிகுண்டும் வீசப்பட்டது. இருவரும் ஜன்னல் வழியே குதித்துத் தப்பினார்கள். தூதர் பிழைக்கவில்லை. கொன்றவர்கள் புரட்சியின் எதிரிகள் அல்லர். நேற்றுவரை போல்ஷெவிக்குகளோடு ஆட்சியில் பங்கு வகித்த இடது சோஷலிஸ்ட் புரட்சியாளர்கள். ஜெர்மனியோடு நான்கு மாதங்களுக்கு முன் செய்துகொண்ட சமாதானத்தை உடைத்து, மறுபடியும் போரை மூட்டிவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அன்று மாலையே லெனின், சோவியத் செயற்குழுத் தலைவர் ஸ்வெர்ட்லோவ், வெளியுறவுக் கமிசார் சிச்செரின் மூவரும் கிளம்பி அந்தத் தூதரகத்துக்குப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தார்கள். உலகத்து முடியாட்சிகளையெல்லாம் ஒழிப்பதாகச் சொன்னவர்கள், கைசரின் ஆள் இறந்த வீட்டில் தலைகுனிந்து நின்றார்கள்.

இதற்குப் பக்கத்தில் 1979 நவம்பர் 4ஆம் தேதியை வைத்துப் பார்க்கலாம். தெஹ்ரானில் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தின் மதிலேறிக் குதித்தார்கள். உள்ளே இருந்தவர்களின் கண்ணைக் கட்டி வெளியே நடத்தி வந்தார்கள். ஒன்றிரண்டு நாள் பிடித்து வைத்திருந்து உலகத்தின் கவனத்தைத் திருப்பிவிட்டு விட்டுவிடலாம் என்பதுதான் அவர்களில் பலரின் எண்ணம். கொமெய்னி அங்கே துக்கம் விசாரிக்கப் போகவில்லை. அவர் மகன் அகமது போனார், மாணவர்களைப் பாராட்டுவதற்காக. முதல் புரட்சியைவிடப் பெரிய இரண்டாம் புரட்சி இது என்று கொமெய்னி வாழ்த்தினார். 52 பேரின் சிறை 444 நாள் நீண்டது.

இந்த இரண்டு காட்சிகளையும் வைத்து, போல்ஷெவிக்குகள் காரியக்காரர்கள், ஈரானியர்கள் வெறியர்கள் என்று முடித்துவிடுவது சுலபம். மேற்கத்திய நூல்கள் பல அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால் அதே தூதரகத்துக்குள் அதே 1979இல், பிப்ரவரி 14 அன்று, ஆயுதக் குழு ஒன்று புகுந்திருந்தது. அன்றைக்குக் கொமெய்னியின் உதவியாளர் இப்ராஹிம் யஸ்தி நேரில் போய்ப் பேசி, சில மணி நேரத்துக்குள் தூதர் சல்லிவனையும் மற்றவர்களையும் மீட்டார். புரட்சி வென்று மூன்றே நாள் ஆகியிருந்த நேரம் அது. அதே மக்கள், அதே தலைவர், அதே கொள்கை. ஒன்பது மாதத்தில் மாறியது கொள்கை இல்லை, வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்த சண்டை. நவம்பரில் யஸ்திதான் வெளியுறவு அமைச்சர். பிரதமர் பசர்கானும் அவரும் நவம்பர் 1 அன்று அல்ஜியர்ஸில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெஜின்ஸ்கியோடு கைகுலுக்கிய படம் வெளியாகியிருந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் முடியிழந்த மன்னர் ஷா சிகிச்சைக்காக நியூயார்க்கில் இறங்கியிருந்தார். புதிய அரசியல் சட்டம் டிசம்பர் தொடக்கத்தில் வாக்கெடுப்புக்கு வர இருந்தது. நாட்டின் கடைசிச் சொல் ஒரு மதகுருவிடம் இருக்க வேண்டும் என்று அது சொன்னது. மிதவாதிகளும் இடதுசாரிகளும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேளையில் கொமெய்னிக்குத் தூதரகத்துக்குள் இருந்தவர்களைவிட வெளியே கோஷம் போட்டவர்கள் அதிகம் தேவைப்பட்டார்கள். நவம்பர் 6 அன்று பசர்கான் விலகினார். மிதவாத அரசு அத்தோடு சரி.

லெனினின் நிலை தலைகீழ். அவரை வீழ்த்தப் பார்த்தவர்கள் தூதரகத்துக்கு வெளியே இருந்தார்கள். அவரைப் பிழைக்க வைத்திருந்த சமாதானம் தூதரகத்துக்குள் இருந்தது. உக்ரைனில் ஜெர்மன் படை நின்றது. பிப்ரவரியில் அது முன்னேறிய வேகத்தைப் பார்த்துத்தான் தலைநகரையே பெட்ரோகிராடிலிருந்து மாஸ்கோவுக்கு மாற்றியிருந்தார்கள். வாஷிங்டனோ தெஹ்ரானுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. துக்கம் விசாரிப்பதும் விசாரிக்காமல் இருப்பதும் பண்பை ஒட்டியதில்லை, தூரத்தை ஒட்டியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தூதரகக் காவலுக்கென்று மாஸ்கோவுக்குள் ஒரு பட்டாளத்தைக் கொண்டுவர வேண்டும் என்று ஜெர்மனி கேட்டபோது லெனின் மறுத்துவிட்டார். தலையைக் குனிவதற்கும் ஒரு எல்லை வைத்திருந்தார். நவம்பரில் ஜெர்மனி தோற்ற இரண்டாம் நாளே அந்தச் சமாதான ஒப்பந்தத்தைச் செல்லாது என்று அறிவித்தார்கள். தூதரைக் கொன்ற புளூம்கின் 1919இல் மன்னிக்கப்பட்டு, மீண்டும் ரகசியப் போலீசிலேயே வேலை பார்த்தான்.

ஆக, நான் சொல்ல வருவது இதுதான். புரட்சி ஒன்று எதிரி நாடுகளோடு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதன் அறிக்கைகளில் தேடிப் பயனில்லை. தலைவருக்கு அந்த வாரம் யார் தேவை, தெருவா தூதரா, என்பதில் பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி எதிரி நாடுகளின் கையில் இருக்கிறது.

இரண்டு புரட்சிகளும் ரகசியக் காகிதங்களை வெளியிட்டன. ஒப்பிடும்போது இங்கேதான் எனக்கு ருசி அதிகம்.

ட்ராட்ஸ்கி வெளியுறவு மக்கள் கமிசாராகப் பொறுப்பேற்றபோது, சில அறிக்கைகளை விட்டுவிட்டுக் கடையைச் சாத்திவிட வேண்டியதுதான் என்ற மனநிலையில் இருந்தார். அமைச்சக அதிகாரிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சாவியைத் தர மறுத்தார்கள். மார்க்கின் என்ற கடற்படை மாலுமி உட்பட வெளியுறவு அனுபவமே இல்லாத சிலர்தான் அந்தப் பெட்டகங்களில் இருந்ததை வெளிக்கொண்டுவந்து அச்சுக்கு அனுப்பினார்கள். 1917 நவம்பர் கடைசியில் ரஷ்யப் பத்திரிகைகளிலும், சில நாளில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் கார்டியனிலும் அவை வந்தன. கான்ஸ்டான்டிநோபிளை ஜாருக்குத் தருவதாக 1915இல் பிரிட்டனும் பிரான்சும் கொடுத்த வாக்கு அதில் இருந்தது. அரபு நாடுகளைக் கோடு போட்டுப் பங்கு பிரித்த 1916ஆம் ஆண்டு சைக்ஸ்-பிகோ உடன்பாடும் இருந்தது. நேச நாடுகளை நம்பித் துருக்கிக்கு எதிராக எழுந்த அரபுகளிடம், நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள் என்று சொல்லித் துருக்கியின் ஜமால் பாஷா அதை உடனே பயன்படுத்திக்கொண்டார். அமெரிக்க அதிபர் வில்சன் 1918 ஜனவரியில் தந்த பதினான்கு அம்சத் திட்டத்தில் முதல் அம்சம் ஒப்பந்தங்கள் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது. அது வெறும் தற்செயல் என்று யாரும் சொல்வதில்லை. புரட்சிக்காரர்கள் தங்கள் நாட்டின் அழுக்கைத் தாங்களே வெளியே கொட்டி, மூன்று வல்லரசுகளின் முகத்தில் பூசினார்கள்.

தெஹ்ரான் மாணவர்கள் வெளியிட்டது எதிரியின் காகிதம். தூதரக ஊழியர்கள் அவசரமாக இயந்திரத்தில் கொடுத்துக் கிழித்த தாள்களை, கீற்றுக் கீற்றாகப் பொறுக்கி, கம்பளம் நெய்து பழகிய கைகளைக் கொண்டு ஒட்டினார்கள். அவை 'உளவுக் கூடத்தின் ஆவணங்கள்' என்று பல தொகுதிகளாக வெளிவந்தன. பாரசீகக் கம்பளத்தின் பொறுமை இப்படி ஒரு காரியத்துக்குப் பயன்படும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் காகிதங்களின் அடி விழுந்தது வாஷிங்டன்மேல் அதிகமில்லை. அமெரிக்க அதிகாரியோடு தேநீர் குடித்தவர், பேச்சுவார்த்தைக்குப் போனவர் என்று அதில் பெயர் வந்த ஈரானியர்கள்தான் மாட்டினார்கள். பசர்கான் அரசின் துணைப் பிரதமராக இருந்த அமீர்-இந்தசாம் டிசம்பரில் கைதாகிப் பல ஆண்டுகள் சிறையில் கிடந்தார். அரசாங்கத்தின் சார்பில் அமெரிக்கர்களோடு பேசியதே அவர் குற்றம். மாஸ்கோவின் காகிதம் வெளிநாட்டு உறவை மாற்றியது. தெஹ்ரானின் காகிதம், வெளிநாட்டோடு பேசத் தெரிந்த உள்நாட்டுக்காரர்களைத் துடைத்தெடுத்தது. பிற்பாடு பேச வேண்டிய நாள் வந்தபோது பேசப் பழகியவர் எவரும் துணிந்து முன்வராததில் வியப்பில்லை.

மாஸ்கோவுக்கு அப்படியொரு பஞ்சம் வரவில்லை. ட்ராட்ஸ்கிக்குப் பின் வந்த சிச்செரின் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். ஜார் காலத்து வெளியுறவு அமைச்சகத்தின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவர். 1917இல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் இருந்தார். அவரை விடுதலை செய்யும்வரை ரஷ்யாவிலிருந்து பிரிட்டிஷ்காரர் யாரையும் வெளியே விட மாட்டேன் என்று ட்ராட்ஸ்கி கதவைச் சாத்தியதும் விட்டார்கள். 1918 ஆகஸ்ட் 31 அன்று பெட்ரோகிராடில் பிரிட்டிஷ் தூதரகத்துக்குள் செக்கா புகுந்தது. கடற்படை அதிகாரி கேப்டன் குரோமி சுட்டுக் கொல்லப்பட்டார். மாஸ்கோவில் பிரிட்டிஷ் பிரதிநிதி புரூஸ் லாக்ஹார்ட், அரசைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்று கைதானார். பதிலுக்கு லண்டன், சோவியத் பிரதிநிதி லித்வினோவைப் பிடித்துப் போட்டது. அக்டோபரில் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டார்கள். தூதரகத்துக்குள் சதி நடக்கிறது என்ற பயம் இரண்டு புரட்சிகளுக்கும் பொது என்பதைக் கவனிக்க வேண்டும். தெஹ்ரானுக்கு அந்தப் பயத்தில் கூடுதல் நியாயமும் இருந்தது: 1953 ஆகஸ்டில் ஓடிப்போன ஷாவைத் திரும்பக் கொண்டுவந்து அமர்த்திய கவிழ்ப்பில் சி.ஐ.ஏ.வின் கை இருந்தது. பிடித்த ஆளை மாஸ்கோ பண்டமாற்றாகப் பார்த்தது. தெஹ்ரான் அவரைப் பழைய வழக்கின் சாட்சியாகப் பார்த்தது.

இனி எதிரி நாடுகளின் வரிசைக்கு வருவோம். புரட்சிக்கு முன் ரஷ்யா, பிரான்ஸ், பிரிட்டன் ஒரு பக்கம்; ஜெர்மனி மறு பக்கம். புரட்சிக்கு முன் ஈரான், அமெரிக்கா, இஸ்ரேல் ஒரு பக்கம், சவூதி கொஞ்சம் தள்ளி அதே பக்கம். சோவியத் ஆயுதம் வாங்கும் இராக் மறு பக்கம். இரண்டு இடத்திலும் புரட்சி முதலில் முறித்தது பழைய நண்பர்களோடு. ரஷ்யாவில் ஜார் வாங்கிய கடனை 1918 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். பத்திரம் வாங்கி வைத்திருந்த பிரெஞ்சு நடுத்தரக் குடும்பங்கள் பல லட்சம், கையில் காகிதத்தோடு நின்றன. ஈரானில் அமெரிக்கா பின்னின்று நடத்திய சென்ட்டோ ராணுவக் கூட்டிலிருந்து மார்ச் 1979இல் விலகினார்கள். அந்தக் கூட்டே அத்தோடு கலைந்தது. இஸ்ரேல் தன் அலுவலகமாக வைத்திருந்த கட்டடத்தின் சாவி, பிப்ரவரியில் தெஹ்ரான் வந்த அராஃபத்தின் ஆட்களிடம் போனது. எகிப்து இஸ்ரேலோடு சமாதானம் செய்ததும் எகிப்துடனும் உறவு முறிந்தது.

முறிப்பதற்குப் புரட்சிக்காரர்கள் போதும். சேர்ப்பதற்கு எதிராளி வேண்டும்.

1922 ஏப்ரலில் ஜெனோவாவில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கூடின. சோவியத் ரஷ்யாவை ஐரோப்பாவுக்குள் எந்த விலைக்குச் சேர்ப்பது என்பதே அங்கே பேச்சு. சிச்செரின் முறையான விருந்துடையில் வந்து, பிரெஞ்சில் பேசினார். ஏறத்தாழ நான்கரை ஆண்டுக்கு முன் ஜெர்மனியோடு சமாதானம் பேசப் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்குக்குப் போன சோவியத் குழுவை அறிந்தவர்கள் திகைத்திருப்பார்கள். அந்தக் குழுவில் உழவர் பிரதிநிதி இல்லையே என்று ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் தெருவில் நின்ற ஸ்தாஷ்கோவ் என்ற கிழவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். 1905இல் முன்னாள் போர் அமைச்சர் ஒருவரைச் சுட்டுக் கொன்ற அனஸ்தாசியா பிட்ஸென்கோவும் அதில் ஒருவர். பவேரியாவின் இளவரசர் லியோபோல்டு அளித்த விருந்தில் இவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அந்த மேசையிலிருந்து ஜெனோவா மேசை வரை வருவதற்குள் புரட்சி நடை மாறிவிட்டிருந்தது.

ஜெனோவாவில் ஜெர்மனிக்கு ஒரு பயம். போர் இழப்பீட்டை ரஷ்யாவும் ஜெர்மனியிடம் கேட்கலாம் என்று வெர்சாய் ஒப்பந்தத்தின் 116ஆம் பிரிவு வழி வைத்திருந்தது. பிரிட்டனும் பிரான்சும் ரஷ்யாவோடு தனியே பேசுவது தெரிந்தது. அவர்கள் முந்திக்கொண்டால் கடனை அடைக்கும் சுமை ஜெர்மனியின் தலையில் விழலாம். ஈஸ்டர் ஞாயிறு அதிகாலையில் சோவியத் தரப்பிலிருந்து தொலைபேசி வந்தது. ஜெர்மன் குழு இரவு உடையிலேயே கூடிப் பேசியதால் அந்தக் கூட்டத்துக்கு 'பைஜாமா மாநாடு' என்றே பெயர் வந்துவிட்டது. அன்று மாலை, ஏப்ரல் 16, பக்கத்து ஊரான ராப்பல்லோவில் சிச்செரினும் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ராத்தெனாவும் கையெழுத்திட்டார்கள். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த பாக்கிகளைத் தள்ளுபடி செய்தார்கள், முழுத் தூதரக உறவு தொடங்கியது. ராத்தெனா பெரும் தொழிலதிபர். சிச்செரின் தொழிலதிபர்களை ஒழிக்க வந்த அரசின் அமைச்சர். வெர்சாயில் தோற்றவனும் வெர்சாய்க்கு அழைக்கப்படாதவனும் என்ற ஒற்றுமை போதுமானதாக இருந்தது. பிறகு லிபெட்ஸ்கில் ஜெர்மன் விமானிகளும் கசான் அருகே ஜெர்மன் டாங்கிப் படையினரும், வெர்சாய் தடுத்த பயிற்சியைச் செம்படையின் மண்ணில் ரகசியமாகப் பெற்றார்கள். மிர்பாக்கைக் கொன்ற நாட்டில்.

ஈரானுக்குக் கிடைத்த ராப்பல்லோ, டமாஸ்கஸ். 1980 செப்டம்பர் 22 அன்று சதாம் ஹுசைனின் படை எல்லை தாண்டியதும் அரபு நாடுகளில் பெரும்பாலானவை இராக் பக்கம் சாய்ந்தன. ஹாஃபிஸ் அல்-அசாதின் சிரியா ஈரான் பக்கம் நின்றது. சிரியாவை ஆண்டது மதச்சார்பற்ற பாத் கட்சி. இராக்கை ஆண்டதும் பாத் கட்சிதான், அதன் பங்காளிக் கிளை. பங்காளிப் பகை எவ்வளவு ஆழமானது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1982 ஏப்ரலில் இராக்கின் எண்ணெய் மத்தியதரைக் கடலுக்குப் போகும் குழாயைச் சிரியா மூடியது. ஈரான் பதிலுக்கு மலிவாகவும் இலவசமாகவும் எண்ணெய் கொடுத்தது. கொள்கைக்கும் இந்தக் கூட்டுக்கும் சம்பந்தமே இல்லை, ராப்பல்லோவிலும் இருக்கவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் இதே கதை. 1967 முதல் இராக்குக்கும் அமெரிக்காவுக்கும் தூதரக உறவு கிடையாது. ஈரானியப் புரட்சி அவர்களைச் சேர்த்து வைத்தது. 1983 டிசம்பரில் அமெரிக்க அதிபரின் சிறப்புத் தூதர் ரம்ஸ்ஃபெல்டு பாக்தாத் போய் சதாமைச் சந்தித்தார். 1984 நவம்பரில் உறவு மீண்டது. போர் தொடங்கியதும் இராக்குக்கு ஆயுதத்தை நிறுத்திய மாஸ்கோ, ஈரானியப் படை இராக்குக்குள் நுழைந்த 1982இல் மறுபடி கொடுக்கத் தொடங்கியது. பனிப்போரின் இரு துருவங்களும் ஒரே ஆளைத் தாங்கின. வளைகுடா மன்னர்களும் அமீர்களும் 1981 மே மாதம் அபுதாபியில் ஒத்துழைப்பு மன்றம் தொடங்கினார்கள். அதைப் பெற்றெடுத்த தாய் தெஹ்ரான்தான் என்றால் மிகையில்லை. 1918இல் ரஷ்யாவுக்குப் படை அனுப்பிய பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான், அமெரிக்கா ஆகியவற்றுக்குள் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. போர் முடிந்து களைத்த நாடுகள் வேறு. சில ஆண்டுகளில் கலைந்தன. வளைகுடா மன்னர்களிடம் எண்ணெய்ப் பணம் இருந்தது, தங்கள் குடிமக்கள் கொமெய்னியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நடுக்கமும் இருந்தது. இந்தக் கூட்டு கலையவில்லை.

புரட்சி அண்டை நாட்டுக்குப் பரவும் என்ற பயத்தைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். அண்டை நாட்டுத் தோழர்களைப் புரட்சி எப்படிக் கைவிட்டது என்பது அதற்குச் சமமான கதை. 1921 பிப்ரவரி 26 அன்று சோவியத் ரஷ்யா பாரசீகத்தோடு ஒப்பந்தம் செய்தது. ஜார் காலத்துக் கடன், சலுகை எல்லாம் ரத்து. காஸ்பியன் கரையில் கீலான் பகுதியில் மிர்சா குச்சிக் கான், செம்படை ஆதரவோடு ஒரு சோவியத் குடியரசையே அறிவித்திருந்தார். ஒப்பந்தத்துக்குப் பின் செம்படை திரும்பிவிட்டது. டிசம்பரில் குச்சிக் கான் மலையில் பனியில் உறைந்து செத்தார். அவர் தலையைக் கொய்து தெஹ்ரானுக்குக் கொண்டுபோனார்கள். 1921 ஜனவரியில் துருக்கிக் கம்யூனிஸ்ட் தலைவர் முஸ்தபா சுப்ஹியும் தோழர்களும் கருங்கடலில் கொல்லப்பட்டார்கள். மார்ச் 16 அன்று மாஸ்கோ துருக்கியோடு நட்பு ஒப்பந்தம் செய்தது. அதே மார்ச் 16 அன்று லண்டனில் பிரிட்டனோடு வணிக ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஆசியாவில், குறிப்பாக இந்தியாவிலும் ஆப்கானிஸ்தானத்திலும், பிரிட்டனுக்கு எதிரான பிரசாரத்தை நிறுத்த வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தாஷ்கண்டில் எம்.என். ராய் இந்தியர்களுக்கு நடத்திய ராணுவப் பள்ளி அந்த ஆண்டே மூடப்பட்டது. 1920 அக்டோபரில் அதே ஊரில் தொடங்கிய இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவராக இருந்தவர் சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, பாரதியின் 'இந்தியா' பத்திரிகையோடு சம்பந்தப்பட்டவர். ராயோடு மோதி அவர் ஏற்கெனவே கட்சியை விட்டு வெளியே இருந்தார். லண்டன் துறைமுகத்துக்குப் போகும் மரமும் தோலும் தாஷ்கண்டின் துப்பாக்கிப் பயிற்சியைவிட மாஸ்கோவுக்கு அவசரமாக இருந்தன.

ஈரான் இதில் பின்தங்கவில்லை. 1982 பிப்ரவரியில் சிரிய ராணுவம் ஹமா நகரில் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் எழுச்சியைப் பீரங்கியால் நசுக்கியது. உலக முஸ்லிம்களின் காவலன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட தெஹ்ரான் வாய் திறக்கவில்லை. குழாயை மூடுவதற்கு இரண்டு மாதம் இருந்தது.

இந்த இடத்தில் இரண்டு புரட்சிகளும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. 1921 ஒப்பந்தத்தின் 5, 6ஆம் பிரிவுகளில், மூன்றாம் நாடொன்று ஈரானைத் தளமாகக் கொண்டு ரஷ்யாவைத் தாக்க முனைந்தால் சோவியத் படை உள்ளே வரலாம் என்று இருந்தது. தூதரகம் விழுந்த மறுநாள், 1979 நவம்பர் 5 அன்று, ஈரான் அந்தப் பிரிவுகளையும் அமெரிக்காவோடு 1959இல் செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தையும் ஒரே மூச்சில் ரத்து செய்தது. கிழக்கும் வேண்டாம் மேற்கும் வேண்டாம் என்ற கோஷத்துக்கு அதைவிடத் தெளிவான சட்ட வடிவம் கிடையாது. 1983இல் ஈரானியக் கம்யூனிஸ்ட் கட்சியான தூதே தடை செய்யப்பட்டது; தலைவர்கள் சிறையில், சோவியத் தூதரக அதிகாரிகள் 18 பேர் வெளியேற்றம். மாஸ்கோ கண்டித்தது, உறவை முறிக்கவில்லை. குச்சிக் கானின் நாட்டுத் தோழர்களை மாஸ்கோ விட்டுவிட்டது அது இரண்டாம் முறை. 1989 ஜனவரியில் கொமெய்னி கோர்பச்சேவுக்குக் கடிதம் எழுதி, கம்யூனிசத்தின் இடம் இனி அருங்காட்சியகம்தான், இஸ்லாமைப் படியுங்கள் என்று சொன்னார். அடுத்த மாதம் சோவியத் வெளியுறவு அமைச்சர் ஷெவர்ட்நாட்சே பதில் கொண்டுவந்தார். ஜூனில் ஈரான் நாடாளுமன்றத் தலைவர் ரஃப்சஞ்சானி மாஸ்கோ போய் ஆயுதம் வாங்க ஏற்பாடு செய்துவிட்டு வந்தார்.

எதிரியிடம் ரகசியமாக வாங்குவதிலும் இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்போல்தான். ஈரானின் விமானங்களும் டாங்கிகளும் பெரும்பாலும் மேற்கத்தியவை. உதிரி பாகம் இல்லாமல் போரில் என்ன செய்ய? இஸ்ரேலுக்கோ அன்றைக்குப் பெரிய அச்சம் இராக். பாக்தாத் அருகே அணு உலையை 1980 செப்டம்பர் 30 அன்று ஈரான் தாக்கிப் பார்த்தது. 1981 ஜூனில் இஸ்ரேல் அதை முடித்தது. ஜூலை 18 அன்று, ஈரானுக்கு இஸ்ரேலியத் தளவாடம் கொண்டுபோகும் வேலையில் இருந்த அர்ஜென்டினா சரக்கு விமானம் சோவியத் ஆர்மீனியாவில் விழுந்தது; உலகத்துக்கு அப்போதே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1986 மே மாதம் ரீகனின் முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஃபார்லேன், அயர்லாந்துக் கடவுச்சீட்டோடு, சாவி வடிவத்தில் ஒரு கேக்கையும் எடுத்துக்கொண்டு தெஹ்ரானில் இறங்கினார். கூடவே ஓர் இஸ்ரேலிய அதிகாரி. யாரும் முறையாக வரவேற்கவில்லை. நவம்பர் 3 அன்று லெபனான் வார இதழான அஷ்-ஷிரா இதைப் போட்டு உடைத்தது. செய்தியைக் கசியவிட்ட வட்டத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லப்பட்ட மெஹ்தி ஹஷெமி, வேறு குற்றங்கள் சுமத்தப்பட்டு, அடுத்த ஆண்டு தூக்கிலிடப்பட்டார்.

லிபெட்ஸ்கும் இப்படி ரகசியம்தான். ஆனால் அதன் மேலே ராப்பல்லோ என்ற வெளிப்படையான கூரை இருந்தது. மெக்ஃபார்லேனின் கேக்குக்கு மேலே எதுவும் இல்லை. மாஸ்கோவில் சிச்செரின் ஒரு வாசலையும், 1919இல் தொடங்கிய கொமின்டர்ன் என்ற உலகக் கம்யூனிஸ்ட் அமைப்பு இன்னொரு வாசலையும் வைத்துக்கொண்டு, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வெளிநாட்டவரிடம் சாதித்தார்கள். யாரும் நம்பவில்லை, ஆனாலும் நம்புவதுபோல் நடந்துகொள்ள அது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. பிரிட்டன் 1924இல் அங்கீகரித்து, 1927இல் முறித்து, 1929இல் மீண்டும் சேர்ந்தது. அமெரிக்கா 1933 நவம்பரில் அங்கீகரித்தது. பதினாறு ஆண்டு. தெஹ்ரானில் அந்த இரண்டாம் வாசல் தெருவைப் பார்த்தே இருந்துவிட்டது. வெளியுறவு அமைச்சர் எதற்குச் சம்மதித்தாலும், புரட்சிக் காவல் படையும் அதன் தலைவர்களும் சம்மதித்தார்களா என்று எதிராளி கேட்கும் நிலை.

கணக்கு வழக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது, அதுதான் இந்த ஒப்பீட்டில் என்னை அதிகம் குழப்பியது. மாஸ்கோவுக்கும் மேற்குக்கும் இடையே இருந்த தகராறு பணத்தில். அது தீராமலேயே உறவு வந்துவிட்டது. ஜாரின் கடன் பாக்கிக்காகப் பிரான்சும் ரஷ்யாவும் 1996-97இல்தான் 40 கோடி டாலரில் கை நனைத்தன. அதற்குள் சோவியத் யூனியனே இல்லை. தெஹ்ரானுக்கும் வாஷிங்டனுக்கும் இடையில் பணம் முதலிலேயே தீர்ந்தது. முடக்கப்பட்ட ஈரானியச் சொத்து ஏறத்தாழ 1,200 கோடி டாலர். பிணையாளிகளை விடுவித்த 1981 ஜனவரி 19 அல்ஜியர்ஸ் உடன்பாடு அதற்கு வழி சொன்னது. ஹேக் நகரில் இரு நாட்டு வழக்குகளுக்கென்று ஒரு தீர்ப்பாயம் அமைந்தது. அமெரிக்க நிறுவனங்களுக்கும் தனிநபர்களுக்கும் இருநூறு கோடி டாலருக்கும் மேல் வாங்கிக் கொடுத்தது. ஜென்மப் பகைவர்கள் ஒரே நீதிமன்றத்தில் பல பத்தாண்டுகள் முறையாக வாதாடினார்கள், தூதர் மட்டும் போகவில்லை.

பிணையாளிகள் ஈரான்மேல் வழக்குப் போடக்கூடாது என்பதும் அல்ஜியர்ஸ் உடன்பாட்டில் இருந்தது. பாக்கிக்கு விலை பேசலாம்; கண்ணைக் கட்டி நடத்தி வந்ததற்கும், 1953இல் ஒரு பிரதமரைக் கவிழ்த்ததற்கும் யார் விலை பேசுவது? தூதரகம் விழுந்து 36 ஆண்டு கழித்து, 2015 டிசம்பரில், அமெரிக்க நாடாளுமன்றமே ஒரு விலை போட்டது: சிறைப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் பத்தாயிரம் டாலர். ஈரான் தராத அந்தத் தொகைக்கு நிதியின் ஒரு பகுதி, பொருளாதாரத் தடைகளை மீறியதற்காக பி.என்.பி. பாரிபா என்ற பிரெஞ்சு வங்கி கட்டிய அபராதத்திலிருந்து வந்தது.